சாமி வேலை தேடி வந்தால்: வேற்றுலக விருந்தாளிக் கதைகளும் வாசகர் வழக்கும்

வேறோர் உலகத்திலிருந்து ஒருவர் நம் தெருவில் வந்து இறங்குகிறார். அவர் கடவுளாக இருக்கலாம், அசுரர் தலைவனாகவோ பூதமாகவோ எமனாகவோ இருக்கலாம். எப்போதோ செத்துப்போன சுல்தானாகக்கூட இருக்கலாம். வந்த இடத்தில் அவருடைய மகிமை செல்லுபடியாகவில்லை. வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது, வேலை தேட வேண்டியிருக்கிறது, குடித்த காபிக்குக் காசு எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஜப்பானியப் படக்கதையான மங்காவின் வாசகர்கள் இந்த வகையைத் தலைகீழ் இசேகாய் என்கிறார்கள். இங்கிருந்து ஒருவன் மாய உலகத்துக்குப் போய் வீரனாவது இசேகாய். அங்கிருந்து ஒருவர் இங்கே வந்து அல்லாடுவது அதன் மறுபக்கம்.

இந்த நகைச்சுவை மங்காக்களைப் பற்றி வாசகர்கள் பேசுவதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில் வந்து முட்டுகிறது. இந்தச் சிரிப்பு யார் மீது? வந்தவர் மீதா, அவரை எதிர்கொண்ட நம் மீதா, அல்லது யார் மீதும் இல்லாத வெறும் பொழுதுபோக்கா? தமிழில் இந்தக் கேள்விக்கு மங்காவை விட வயது மிக அதிகம். புதுச்சேரியின் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த செலியமேட்டை நடுவில் வைத்து, பஸ்ஸில் போய் ஒரே நாளில் திரும்பக்கூடிய அளவுக்கு ஒரு வட்டம் போட்டால், அதற்கான முக்கியமான பதில்கள் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளேயே அகப்படுகின்றன. தென்பெண்ணையின் மேல்போக்கில், தென்கரையில், கடவுள் வழக்காட வந்த திருவெண்ணெய்நல்லூர் இருக்கிறது. செலியமேட்டிலிருந்து அதே ஆற்றைத் தாண்டினால், கடவுளைக் காபிக் கடைக்குள் கூட்டிப்போன புதுமைப்பித்தன் 1906இல் பிறந்த திருப்பாதிரிப்புலியூர். வடக்கே, பாரதிதாசனின் புதுச்சேரி. நான்கு பக்கமும் ஜமாக்கள் எனப்படும் கூத்துக் குழுக்கள். இந்தக் கட்டுரை அந்த வட்டத்திலிருந்து புறப்பட்டு, தோக்கியோவரை போய்த் திரும்புகிறது.

ஓலையும் பிட்டும்

முதல் பதில் பக்தி மரபுடையது: சிரிப்பும் வழிபாடுதான், எனவே கேள்வியே எழவில்லை. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு கிழவர் வருகிறார். உன் பாட்டன் எனக்கு அடிமையோலை எழுதித் தந்திருக்கிறான், ஆகவே நீ என் ஆள் என்கிறார். மாப்பிள்ளை கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது, கையெழுத்து ஒப்பிடப்படுகிறது, தீர்ப்பு கிழவர் பக்கம். உம் வீடு எங்கே என்று கேட்டால் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார்.

இதில் அற்புதம் என்பது கடைசி வரியில் மட்டும்தான். அதுவரை நடப்பதெல்லாம் பத்திரம், சாட்சி, சபை, தீர்ப்பு. நினைத்தால் ஒரு கணத்தில் ஆட்கொள்ள முடிந்தவர், ஊர்க்காரர்களின் ஆவண விதிகளுக்குக் கட்டுப்பட்டு வாதாடுகிறார். தாலுகா ஆபீஸில் ஒரு நகலுக்காகக் காத்திருந்த எவருக்கும் இதன் நகைச்சுவை விளக்கம் இல்லாமலே புரியும்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. வைகை உடைப்பெடுக்கிறது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காகச் சிவன் கூலியாளாக வருகிறார். கூலி, உதிர்ந்த பிட்டு. வாங்கித் தின்றுவிட்டு ஆடுகிறார், பாடுகிறார், தூங்குகிறார். வேலை மட்டும் நடக்கவில்லை. மேற்பார்வையாளர்கள் புகார் சொல்ல, மன்னன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அடித்தவன் முதுகு உட்பட எல்லா உயிர் மீதும் விழுகிறது. கூலிக்கு வந்த கடவுள், அதிலும் வேலைக்கள்ளனாக வந்த கடவுள். பின்னால் நாம் பார்க்கப்போகும் மங்காவில் அசுர வேந்தன் பர்கர் கடைக்கு வேலைக்குப் போவதைக் கண்டு வியப்பவர்களுக்கு, மதுரைக்காரர்கள் இந்தப் பிட்டுக் கதையைக் கொண்டாடும் ஆவணி மூலத் திருவிழாவைக் காட்டலாம். காளமேகத்தின் நிந்தாஸ்துதிப் பாடல்களும் இந்தக் குடும்பம்தான்: ஏசுவது போல் ஏத்துவது.

இந்தப் பதிலின் பலவீனம் அதன் முடிவுகளில் இருக்கிறது. ஓலை வழக்கிலும் பிட்டுக் கதையிலும் கடைசியில் வந்தவர் யாரென்று தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் எல்லோரும் கைகூப்புகிறார்கள். சிரிப்புக்குத் தவணை கொடுக்கப்பட்டு, அது திரும்ப வாங்கப்படுகிறது. வந்தவர் கடைசிவரை அடையாளம் காணப்படாமலே போனால் என்ன ஆகும் என்ற கேள்வியைப் புராணம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அது புராணமாக இருந்திருக்காது.

பகுத்தறிவாளர் வழக்கு

இரண்டாவது பதில் 20ஆம் நூற்றாண்டில் உரக்கக் கேட்டது. மேலுலகம் என்று ஒன்று இல்லை. ஆகவே அங்கிருந்து வருபவரைக் கேலி செய்வது, அவர் பெயரால் பிழைப்பவர்களைக் கேலி செய்வதாகும். புதுச்சேரியில் இதற்குச் சொந்தமான முன்னோடி உண்டு. பாரதிதாசனின் சஞ்சீவி பர்வதத்தின் சாரல் 1930இல் வந்தது. உலகத்தின் பேச்சையெல்லாம் கேட்கச் செய்யும் மூலிகையைத் தின்ற குப்பனும் வஞ்சியும் மலைமேல் இருக்கிறார்கள். அனுமன் மலையைப் பெயர்க்கும் பேச்சு காதில் விழ, குப்பன் நடுங்குகிறான். அது எங்கோ ஒரு பாகவதர் செய்யும் காலட்சேபம். பயந்த ஆண்பிள்ளையைப் பார்த்து வஞ்சி சிரிக்கிறாள். அங்கே வேற்றுலகத்தார் யாருமே வரவில்லை, வந்துவிட்டதாக நம்பிய ஒருவன்தான் இருக்கிறான் என்பதே பாரதிதாசனின் அடி.

நாடக மேடையில் இந்த வழி இன்னும் கடுமையானது. அண்ணாவின் நீதிதேவன் மயக்கத்தில் இராவணன் மறுவிசாரணை கேட்கிறான். எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகம் கிளப்பிய அமளியை அடுத்தே சென்னை மாநிலத்தின் 1954ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டம் வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2013 ஆயிற்று. ஒரு சிரிப்பைக் கட்டுப்படுத்த ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஏட்டில் ஒரு சட்டம் இருந்திருக்கிறது என்றால், சிரிப்பு யார் மீது விழுந்தது என்பதில் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சந்தேகம் இருந்திருக்காது.

ஆனால் கலையாகப் பார்க்கும்போது ஒரு சிக்கல் உண்டு. வந்தவர் பொய் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால், அவர் நம் உலகில் படும் பாட்டில் வாசகருக்கு அக்கறை வருவதில்லை. காகிதக் கோட்டையைத் தள்ளிவிட யாருக்கும் பலம் வேண்டியதில்லை. இந்தக் கட்சியின் மிகச் சிறந்த படைப்புகளில் மேலுலகத்தார் பாத்திரமாக வளர்வதை விட வாதமாகவே நிற்பது அதனால்தான் என்று தோன்றுகிறது.

கந்தசாமிப் பிள்ளையின் வீட்டில்

மூன்றாவது பதில், இந்தக் கதைகளில் வந்தவர் வெறும் கண்ணாடி, தெரிவது நம் முகம் என்பது. இதன் மூல நூல்களில் ஒன்று பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. மொந்தெஸ்கியு 1721இல் எழுதிய பாரசீகக் கடிதங்களில் இரண்டு பாரசீகர்கள் பாரிஸுக்கு வந்து, அங்குள்ள அரசரையும் போப்பையும் சந்தை வித்தையையும் பார்த்து அதிசயித்துக் கடிதம் எழுதுகிறார்கள். சிரிப்பு முழுவதும் பாரிஸ் மீது. புதுச்சேரியின் பாகூரும் வில்லியனூரும் 1954வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவை. ஆனாலும் இந்த உத்தி தமிழுக்கு அந்த வாசல் வழியாக வந்ததாகச் சொல்ல ஆதாரம் தேவைப்படும். தமிழில் அது வேறு வாசலில் நுழைந்தது.

புதுமைப்பித்தனின் கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் 1943இல் கலைமகளில் வெளிவந்தது. சென்னை பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் முனையில், டிராமில் போவதா பஸ்ஸில் போவதா நடப்பதா என்று காசுக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கும் சித்த வைத்தியப் பத்திரிகை ஆசிரியர் கந்தசாமிப் பிள்ளையிடம் ஒருவர் வழி கேட்கிறார். அவர்தான் கடவுள். இருவரும் ஓட்டலுக்குள் போகிறார்கள். கடவுளுக்குக் காபி பிடித்துவிடுகிறது. அந்தப் பெருமையில் சிக்கரிக்கும் பங்கு உண்டு என்று பிள்ளை திருத்துகிறார். பில் கொடுக்கக் கடவுள் எடுப்பது நூறு ரூபாய் நோட்டு. சில்லறைப் பிரச்சினை. பிறகு பிள்ளை தம் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார். யாருடைய ஆயுள் என்று வேறு கேள்வி வருகிறது. வீட்டுக்கு வந்த உறவுக்காரராகக் கடவுள் தங்குகிறார். பிள்ளையின் சிறு மகள் வள்ளி அவரோடு விளையாடுகிறாள். பிழைப்புக்கு வழி பார்க்க வேண்டுமே என்று தேவியோடு சேர்ந்து நடனமாட ஒரு திவான் பகதூர் வீட்டுக்குப் போகிறார்கள். தில்லையில் ஆடுகிற கூத்து, சென்னை சபாக் கலாரசிகருக்குப் பிடிக்கவில்லை. அருகிலிருந்து குடித்தனம் நடத்துவது தனக்கு ஆகாது என்று கண்டுகொண்டு கடவுள் கிளம்புகிறார்.

இந்தக் கதையை வாசகர்கள் குறைந்தது மூன்று விதமாகப் படித்து வருகிறார்கள். கடவுளின் கையாலாகாத்தனத்தைக் காட்டும் நாத்திகக் கதை என்பது ஒன்று. மனிதனின் அற்பத்தனத்தைக் காட்டும் கதை என்பது இரண்டாவது: கடவுளே நேரில் வந்தாலும் ஆயுள் சந்தா கேட்கிற ஜாதி நாம். சைவக் குடும்பத்தில் பிறந்தவர், சிவதாண்டவத்தை எழுதும்போது பேனா குழைகிறது, ஆகவே உள்ளுக்குள் இது பக்திக் கதை என்பது மூன்றாவது. மூன்றுக்கும் கதையில் இடம் இருக்கிறது. ஆசிரியரோ காஞ்சனை தொகுப்பின் முன்னுரையில், உலகத்தைத் திருத்தி உய்விக்கும் ஸ்தாபனமாகத் தம் கதைகளை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற தோரணையில் கைகழுவிவிட்டார். அந்த மறுப்பை நம்புவதா என்பது தனி வழக்கு.

மூன்று வாசிப்புமே கதையின் நடுப்பகுதியைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகின்றன என்பது என் கருத்து. கதை உயிர்பெறுவது கடவுள் யார் என்பதிலோ பிள்ளை எப்படிப்பட்டவர் என்பதிலோ அல்ல. கடவுளின் சக்தி முழுதாக இருந்தும், அது எதற்கும் உதவாத இடங்களில் அது உயிர்பெறுகிறது. கடவுளிடம் நூறு ரூபாய் இருக்கிறது, சில்லறை இல்லை. நடராஜரின் ஆட்டம் இருக்கிறது, சபாவில் வாய்ப்பில்லை. புராணத்தில் பிரம்படி உலகம் முழுக்கப் பட்டது. இங்கே திவான் பகதூரின் நிராகரிப்பு கடவுள் மேல் மட்டும் பட்டு அங்கேயே முடிகிறது. அடையாளம் காணப்படாமல் போனால் என்ன ஆகும் என்று புராணம் கேட்காமல் விட்ட கேள்விக்குப் புதுமைப்பித்தன் சொன்ன விடை இது.

ஏறத்தாழ அதே காலத்தில் மாஸ்கோவில் எழுத்தாளர் புல்காகோவ், 1940இல் சாகும்வரை, சாத்தான் அந்நகருக்கு வரும் நாவலைத் திருத்திக்கொண்டிருந்தார். அது அச்சில் வரத் தொடங்கியது 1966இல்தான். அங்கே பகடியின் அச்சாணி வீட்டுப் பற்றாக்குறை, இங்கே பிழைப்பு. ஒருவரை ஒருவர் படித்திருக்க வழியே இல்லாத இரண்டு பேர் ஒரே பத்தாண்டில் வேற்றுலகத்தாரை நகரத்து நெருக்கடிக்குள் தள்ளிப் பார்த்தது யோசிக்கத்தக்கது.

சோவின் முகமது பின் துக்ளக் இதே கண்ணாடிக் கட்சிதான். 1968இல் நாடகம், 1971இல் படம். கல்லறையிலிருந்து எழுந்துவந்த சுல்தான் இந்தியாவின் பிரதமராகி, பாரசீகத்தை ஆட்சிமொழியாக்கி, கட்சி தாவிய எம்.பி.க்களையெல்லாம் துணைப் பிரதமராக்குகிறார். வந்தவர்கள் உண்மையில் வேடமிட்டவர்கள் என்பது கதையின் உள்முடிச்சு. சுல்தான் வந்து நாடு கெட்டுப்போவதில்லை, ஏற்கெனவே சுல்தானுக்குத் தோதாகவே நாடு இருக்கிறது என்று நாடகம் சொன்னது. கண்ணாடிக் கட்சியின் பலவீனமும் இங்கே தெரிகிறது: கண்ணாடியில் தெரியும் முகம் வயதாகிவிட்டால் சிரிப்பும் வயதாகிவிடுகிறது. அன்றைய அரசியல் தெரியாத வாசகருக்குப் பாதி வசனத்துக்கு அடிக்குறிப்பு தேவை. கந்தசாமிப் பிள்ளைக்குத் தேவைப்படுவதில்லை.

தோக்கியோ வாசகர் கணக்கு

ஜப்பானில் இந்த வகையின் வெற்றிக் கதைகள் இரண்டைச் சொல்லலாம். நாகாமுரா ஹிகாரு 2006இல் தொடங்கிய செயின்ட் யங் மென் மங்காவில் இயேசுவும் புத்தரும் விடுமுறைக்கு வந்து, தோக்கியோ புறநகரான தாச்சிகாவாவில் ஒரு சின்ன வாடகை அறையில் சிக்கனமாகக் குடியிருக்கிறார்கள். வாகஹாரா சதோஷி 2011இல் தொடங்கி 2020இல் முடித்த வேலைக்குப் போகும் அசுர வேந்தன் கதை நாவலாக வந்து மங்காவாகவும் அனிமே எனும் அசைபடத் தொடராகவும் ஆனது. எந்தே இஸ்லா என்ற உலகைப் பிடிக்கப் போரிட்டுத் தோற்று ஓடிவந்த அசுர வேந்தன், பர்கர் கடையில் பகுதிநேர வேலையில் சேர்கிறான். அவனுடைய தளபதி வீட்டில் சமைத்துச் செலவுக் கணக்கு எழுதுகிறான். அவனைக் கொல்ல வந்த வீராங்கனை கைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்திருக்கிறாள். உலகத்தை வெல்லும் முதற்படியாக அவன் குறிவைப்பது நிரந்தர ஊழியர் பதவி.

இரண்டுக்கும் வாசகர் கருத்துகள் வேறுவேறாகப் பிரிகின்றன. புத்தர்–இயேசு மங்காவைப் பற்றிய தகராறு இங்கே நமக்குப் பழக்கமானது: தெய்வ நிந்தையா, அன்பான கேலியா? அதில் சக்தி என்பது தொந்தரவாகவே வருகிறது. குளியல் தொட்டித் தண்ணீர் தானாகத் திராட்சை மதுவாகிவிட்டால் அறைவாசிக்கு அது அற்புதம் அல்ல, சங்கடம். நம் பிட்டுக் கதை மரபோடு இதை வைத்துப் படித்தால் நிந்தைக் குற்றச்சாட்டு பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆனால் தம் சமயத்தில் சிரிப்புக்கு இடம் தராத மரபில் வளர்ந்த வாசகர் அப்படிப் படிக்க வேண்டும் என்று நாம் கேட்க முடியாது.

அசுர வேந்தன் கதையில் வேறு இரண்டு வழக்குகள். கடை வேலை, மாதக் கடைசிப் பற்றாக்குறை, ஒற்றை அறைச் சண்டை என்று ஓடும் முற்பகுதிதான் கதை, தேவதூதர்களும் போரும் நுழைந்தபின் அது சாதாரண மாயாஜாலக் கதையாகிவிட்டது என்பது வாசகர்கள் அடிக்கடி எழுப்பும் முதல் புகார். வீட்டு வாடகைக்குப் பயந்தவன் மறுபடியும் வாளெடுத்துவிட்டால் அவனைப் போல் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முடிவைப் பற்றியும் வாசகர் ஒருமனப்படவில்லை.

இரண்டாவது புகார் அறவியல் சார்ந்தது, எனக்கு அதுவே கனமானதாகப் படுகிறது. இந்த வேந்தன் தன் உலகில் ஊர்களை அழித்தவன். வீராங்கனை அந்தப் போரில் வீட்டை இழந்தவள், தந்தையையும் இழந்ததாக நம்பியவள். அவன் நல்ல ஊழியனாக, நல்ல அண்டைவீட்டுக்காரனாக மாறிவிட்டான் என்பதற்காக நாம் சிரித்துக்கொண்டே அவனை மன்னித்துவிடுகிறோமா? நகைச்சுவை குற்றத்தைத் தள்ளுபடி செய்கிறதா? கதை இந்தக் கேள்வியைத் தெரிந்தே எழுப்புகிறது, வீராங்கனையை விடாமல் கோபத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு விடை சொல்லும் இடம் வரும்போது சமரசம் செய்துகொள்கிறது என்பதே எதிர்ப்பாளர்களின் வாதம். தமிழ் மரபில் கடவுள்தான் அதிகமும் விருந்தாளியாக வருகிறார், குற்றவாளி வருவது அபூர்வம். அதனால் இந்த வழக்கு நம் இலக்கிய விமர்சனத்துக்கு ஏறக்குறைய புதிது. கூத்து மேடைக்குப் புதிதல்ல. அதைப் பிறகு பார்க்கலாம்.

பூதங்களும் எமன்களும்

சினிமாவைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்ணிக்கை அதிகம், புதுச் சரக்கு குறைவு. எஃப். ஆன்ஸ்டே 1900இல் எழுதிய பித்தளைப் புட்டி ஆங்கில நாவல், 1964இல் ஹாலிவுட் படமாகி, 1967இல் பட்டணத்தில் பூதமாக வந்தது. 1958இல் ஒரு வங்காளப் படத்தில் எமலோகம் போன மனிதன், 1977இல் தெலுங்கு யமகோலா ஆகி, 1980இல் சிவாஜியின் யமனுக்கு யமன் ஆனான். 1995இல் லக்கி மேனில் கவுண்டமணியின் எமனும் செந்திலின் சித்திரகுப்தனும் தொலைந்துபோன புத்தகத்தைத் தேடிப் பூமிக்கு வந்தது தெலுங்கு யமலீலாவிலிருந்து. 2008இல் சிம்புதேவனின் அறை எண் 305ல் கடவுள், 2020 தீபாவளிக்கு மூக்குத்தி அம்மன்.

இவற்றில் பெரும்பாலானவற்றில் சக்தி பலிக்கிறது. பூதம் கைதட்டினால் பந்தி வந்துவிடுகிறது. சக்தி பலிக்கும்போது கதை நம்முடைய ஆசையைப் பற்றியதாகிவிடுகிறது. ஆசை நிறைவேறும் கதை இனிக்கும், ஆனால் அதிக நேரம் சிரிக்க வைக்காது. ரசிகர்கள் எமன் படங்களில் இன்றும் நினைவில் வைத்திருப்பவை சாபமும் பாசக்கயிறும் அல்ல, டிராபிக்கிலும் ஓட்டலிலும் எமன் திகைக்கும் காட்சிகள். மூக்குத்தி அம்மனில் நல்ல யோசனை ஒன்று இருந்தது: கூட்டம் வராத குலதெய்வம், தன் கோயிலையும் பிரபலமாக்கிக் கொடு என்று ஒரு தொலைக்காட்சி நிருபரிடம் கேட்கிறது. சந்தைக்கு வந்துவிட்ட தெய்வங்களுக்குள் வரிசை எப்படி இருக்கிறது என்பதை ஒரே வேண்டுகோளில் காட்டிய இடம் அது. படம் விரைவில் அதை விட்டுவிட்டுப் போலிச் சாமியாரை வதம் செய்யப் போய்விட்டது. ரசிகரில் ஒரு சாரார் அந்த இரண்டாம் பாதியையே கைதட்டி வரவேற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கட்டியக்காரன் போடும் தடை

இதுவரை சொன்ன எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: அந்த உலகத்துக்கும் இந்த உலகத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது, விருந்தாளி அதைத் தாண்டி வருகிறார், தாண்டுவதால்தான் சிரிப்பு. பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களில் இந்த அனுமானம் அவ்வளவு சுலபமாக நிற்காது.

திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கிறது. முதலில் வருபவன் கட்டியக்காரன். இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்கு மேல் கிரீடம் மட்டும் தெரிய, துரியோதனன் உள்ளேயிருந்து தன் பெருமையைப் பாடுகிறான். கட்டியக்காரன் திரைக்கு முன்னால் நின்று, ஐயா நீங்கள் யார், எந்த ஊர், எதற்காக வந்தீர்கள் என்று விசாரிக்கிறான். உள்ளேயிருந்து பதில் செய்யுளாக, வடமொழி கலந்த வசனமாக வருகிறது. கட்டியக்காரன் சபைப் பக்கம் திரும்பி அதை ஊர்ப் பேச்சில் உடைக்கிறான். அஸ்தினாபுரம் ரேஷன் கடையில் வரிசையில் நிற்க வைக்கப்படும். சூதாட்ட மண்டபம் சீட்டாட்டக் கேஸாகும். நூறு தம்பிகளும் ஒரே குடும்ப அட்டையில் ஏறுவார்கள். கிரீடம் ஒரு உலகம், ஈரத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சனம் ஒரு உலகம், நடுவில் ஒரே ஆள் இரண்டுக்கும் சேவகன். ஆய்வாளர் டேவிட் ஷுல்மன் தென்னிந்திய மரபில் அரசனையும் கோமாளியையும் சேர்த்து வைத்து 1985இல் எழுதிய நூலின் மையக் கருத்து, கோமாளி அரசனுக்கு எதிரி அல்ல, அவனுடைய மறுபாதி என்பதே. கூத்துக் களரியில் இது கோட்பாடாக இல்லாமல் கண்ணெதிரே நடக்கிறது.

அதே இரவில் துகிலுரிதல் வருகிறது. துச்சாதனன் வேடம் கட்டியவர் புடவையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பது பல ஜமாக்களில் வழக்கம். வேடக்காரருக்கோ பார்ப்பவருக்கோ அருள் வந்துவிடுவதும் உண்டு. கொஞ்ச நேரத்துக்கு முன் கட்டியக்காரன் கேலியில் விழுந்து விழுந்து சிரித்த அதே சனம்தான் இப்போது எழுந்து கும்பிடுகிறது. அசுர வேந்தன் கதையில் தீராமல் நின்ற அற வழக்கைக் கூத்து இப்படித்தான் சமாளிக்கிறது: சிரிக்கும் நேரம் சிரிப்புக்கு, பாவத்தைச் செய்து காட்டும் நேரம் கற்பூரத்துக்கு. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கரைத்து மன்னிப்பாக மாற்ற அது முயல்வதில்லை.

இங்கிருந்து ஒரு வலுவான வாதம் எழுகிறது. சாமி நம்மோடுதான் இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு முறை யார் மேலாவது வந்து பேசுகிறது, எல்லையில் அய்யனார் குதிரையோடு நிற்கிறார். இந்த மண்ணில் தலைகீழ் இசேகாய் என்பதற்கே பொருள் இல்லை, தாண்டுவதற்குச் சுவர் இருந்தால்தானே தாண்ட முடியும் என்பது அந்த வாதம். புதுமைப்பித்தன் கடவுளைப் பிராட்வேயில் இறக்கியதற்கும் இது காரணமாக இருக்கலாம். நகரத்தில்தான் கடவுள் அந்நியர். கிராமத்தில் அவருக்கு வீடு இருக்கிறது, மானியம் இருக்கிறது, வரி வசூலித்துத் திருவிழா எடுக்கும் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.

கவர்ச்சியான வாதம், முழுதாக ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. திரை என்று ஒன்று பிடிக்கப்படுகிறதே, அதுவும் ஒருவகைச் சுவர்தான். மெல்லியது, இரண்டு பேர் கையில் இருப்பது, வேண்டும்போது விலகுவது. ஆனால் அது இல்லாமல் கட்டியக்காரனுக்கு வேலை இல்லை. தவிர, கோயில் வாசல் ஊரில் எல்லாருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை என்பதை வைத்துப் பார்த்தால், சாமி நம்மோடு இருக்கிறது என்பதில் வரும் 'நம்' யார் என்பதும் கேட்கப்பட வேண்டியது.

தீராமல் நிற்பவை

சக்தி இருந்தும் பலிக்காத இடத்தில்தான் இந்த வகைக் கதை உயரம் தொடுகிறது என்ற அளவுகோல், வந்தி வீட்டுப் பிட்டு முதல் பர்கர் கடைவரை ஓரளவு பொருந்துகிறது. ஆனால் அது எந்தக் கதை நன்றாக வேலை செய்கிறது என்பதைச் சொல்லும். சிரிப்பு யார் மீது என்ற பழைய கேள்விக்கு நேர்விடை ஆகாது. ஒரே கதையை நாத்திகரும் பக்தரும் அரசியல்காரரும் தத்தம் பக்கம் இழுக்க முடிகிறது என்றால், விடையின் ஒரு பகுதி கதைக்கு வெளியே, சிரிக்கிறவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. மங்கா வாசகர் தனியாகப் படிக்கிறார். கூத்துப் பார்ப்பவர் ஊரோடு சேர்ந்து சிரிக்கிறார், பக்கத்தில் அம்மன் சந்நிதி இருக்கிறது. இந்த வேறுபாடு கருத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பது இன்னும் ஒழுங்காக ஆராயப்படாத விஷயம்.

இன்னொன்று, விருந்தாளியாக வரும் பெண்கள். பட்டணத்துக்கு வந்து பிழைப்புத் தேடிய கடவுள்கள் பெரும்பாலும் ஆண்கள். புதுமைப்பித்தன் கதையில் தேவி ஆட்டத்துக்கு மட்டும் வருகிறாள், ஓட்டலுக்கும் டிராம் முனைக்கும் வருவதில்லை. மூக்குத்தி அம்மன் தனியாக வந்தாள், ஆனால் அவளை யாரும் வேலைக்குப் போகச் சொல்லவில்லை. வீட்டு வேலை, கூலி வேலை இரண்டும் சேர்ந்து தலையில் விழும் ஓர் அம்மனின் நகைச்சுவைக் கதையைத் தமிழில் யாராவது எழுதினால், இதுவரை வந்த வாசிப்புகளில் பாதியைத் திருத்த வேண்டியிருக்கும்.

கடைசியாக, சான்றுகள் பற்றி ஒரு வேண்டுகோள். புராணம் அச்சில் இருக்கிறது, புதுமைப்பித்தன் செம்பதிப்பில் இருக்கிறார், சோவின் வசனம் ஒளிநாடாவில் இருக்கிறது. கட்டியக்காரன் பேச்சு மட்டும் பெரும்பாலும் பதிவாகவில்லை. பெரிய எழுத்துக் கூத்துப் புத்தகங்களில் பாட்டும் விருத்தமும் வழக்கமான விசாரணையும் அச்சாயின. அந்த இரவுக்கு, அந்த ஊருக்கு என்று அவன் கட்டிய கேலி விடிந்ததும் போய்விட்டது. ஜமாவுக்குத் தாம்பூலம் வைக்கும் ஊர்க்காரர்கள், இப்போது எல்லார் கையிலும் இருக்கும் செல்போனில், வாத்தியாரின் அனுமதியோடு, துகிலுரிதலையும் துரியோதனன் விழும் படுகளத்தையும் எடுப்பது போலவே கட்டியக்காரன் பேசும் அந்த முதல் அரைமணி நேரத்தையும் விடாமல் பதிவு செய்து, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி வைக்க வேண்டும்.